ஒரு பனியனுக்குள் எத்தனை தொழில்: பிரித்துச் செய்வதும் விற்று வாங்குவதும் ஏன் லாபம்?

2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் 27 அன்று அதன்மேல் இன்னொரு 25 ஏறியது. அந்த வாரங்களில் திருப்பூர் பெயர் வராத செய்தியறிக்கை இல்லை. கூடவே மூன்று கேள்விகளும் சுற்றிவந்தன. அடுத்த நாட்டுக்காரனுக்கு நாம் ஏன் தைத்துக் கொடுக்க வேண்டும், நம் மக்களே உடுத்தினால் போதாதா? பருத்தி விளைகிற நாடு எதற்குப் பஞ்சு இறக்குமதி செய்கிறது? விமானம் கட்டத் தெரிந்த அமெரிக்காவுக்குப் பனியன் தைக்கத் தெரியாதா?

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அதைப் பிடிக்க உலக வணிகத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை. ஒரு பனியனிலிருந்து தொடங்கலாம்.

ஒரு பனியன் கடக்கும் கைகள்

திருப்பூரை ஒரு பெரிய தொழிற்சாலை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பட்டறைகள் ஒன்றுக்கொன்று வேலை கொடுத்து வாங்கும் ஊர் அது. ஒரு சாதாரணப் பருத்தி டி-ஷர்ட் கடக்கும் படிகள் இவை:

1. நூல். வழக்கமான டி-ஷர்ட்டுக்கு 30-ஆம் நம்பர் நூல். நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்ற கணக்கு. ஒரு கிலோ 30-ஆம் நம்பர் நூலை நீட்டினால் சுமார் 51 கிலோமீட்டர் போகும்.

2. நிட்டிங். நூலைத் துணியாகப் பின்னும் வேலை. 30 அங்குல விட்டம், 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) வட்ட மெஷினில் சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். ஓர் ஊசி முறிந்தாலோ வளைந்தாலோ துணி நெடுக ஒரு கோடு விழும். அதைப் பார்க்காமல் விட்டால் சாயம் ஏறிய பிறகுதான் தெரியும், அப்போது துணி செகண்ட்ஸ், அதாவது பழுதுச் சரக்கு.

3. டையிங். வெளுத்து, சாயமேற்றி, சோப்பு அலசல் கொடுத்து முடிக்கும் வேலை. செலவும் சிக்கலும் அதிகமான படி. நொய்யல் ஆற்றின் கதைக்கு வரும்போது இதற்குத் திரும்புவோம்.

4. காம்பாக்டிங். துணியை நீராவியும் அழுத்தமும் கொடுத்து முன்கூட்டியே சுருக்கிவைப்பது. இது சரியாக நடக்காவிட்டால் முதல் சலவையிலேயே சட்டை குட்டையாகிவிடும்.

5. கட்டிங். துணியை அடுக்கி, அளவு வரைந்து வெட்டுவது. வெட்டுக்கழிவையும் சேர்த்து ஒரு கிலோ துணியில் பெரியவர் அளவு டி-ஷர்ட் நான்கு அல்லது ஐந்து கிடைக்கும். மாஸ்டரின் கைத்திறனில்தான் அந்த ஐந்தாவது இருக்கிறது.

6. தையல். தோள், கை, பக்கத்துக்கு ஓவர்லாக் மெஷின். அடிமடிப்புக்குப் பேட்லாக் மெஷின். கழுத்துப் பட்டைக்கும் லேபிளுக்கும் தனித்தனி ஆள்.

7. பிசிறு வெட்டுதல், செக்கிங், அயர்னிங், பேக்கிங்.

இடையில் பிரிண்டிங், எம்பிராய்டரி, எலாஸ்டிக், லேபிள், பாலித்தீன் பை, அட்டைப்பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆட்கள். இவற்றில் பல படிகள் ஜாப் ஒர்க் முறையில் நடக்கின்றன. துணி உங்களுடையது, மெஷின் அவர்களுடையது. கூலி கிலோவுக்கு இவ்வளவு அல்லது பீஸுக்கு இவ்வளவு.

பிரித்துச் செய்தால் லாபம் எங்கிருந்து வருகிறது?

ஒரே ஆள் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை பழகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த காரணம். ஆடம் ஸ்மித் 1776-இல் குண்டூசிப் பட்டறையை வைத்துச் சொன்னதும் அதைத்தான். வேலையைச் சுமார் 18 செயல்களாகப் பிரித்துக்கொண்ட பட்டறைகளில் ஒன்றில், பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாளில் 48,000 ஊசிகள் செய்தார்கள். தனித்தனியே உட்கார்ந்தால் ஆளுக்கு 20 கூடத் தேறாது என்றார் அவர். ஆனால் கைப்பழக்கத்தைவிடப் பெரிய இரண்டு காரணங்கள் பட்டறைக்குள் நின்று பார்த்தால்தான் புலப்படும்.

ஒன்று, மெஷின் சும்மா நிற்காமல் இருப்பது. கணக்கு எளிதாக இருக்க எண்களை நாமே வைத்துக்கொள்வோம். ஒரு காம்பாக்டிங் மெஷின் நாளுக்கு 8,000 கிலோ துணி ஓட்டும். அதன் வட்டி, தேய்மானம், ஆள் எல்லாம் சேர்ந்து நாளுக்கு 24,000 ரூபாய், ஓடினாலும் ஓடாவிட்டாலும். நாளுக்கு 400 கிலோ துணி மட்டுமே வைத்திருக்கும் கம்பெனி அதைச் சொந்தமாக வாங்கிப்போட்டால் கிலோவுக்கு 60 ரூபாய் செலவாகும். அதே மெஷினை வேறொருவர் வைத்து, இதுபோன்ற 20 கம்பெனிகளின் துணியை ஓட்டினால் கிலோவுக்கு 3 ரூபாய். மெஷினும் அதுவே, துணியும் அதுவே. அந்த 57 ரூபாய் யாருடைய பையிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. வீணாகாமல் மிஞ்சியது.

இரண்டு, மாற்றி மாற்றிச் செய்வதால் ஆகும் நஷ்டம். கறுப்புச் சாயம் போட்ட மெஷினில் அடுத்து வெள்ளை போட முடியாது. காஸ்டிக், ஹைட்ரோஸ் என்ற ரசாயனங்களை விட்டுக் கொதிக்கவைத்துக் கழுவ வேண்டும். சில மணி நேரமும் தண்ணீரும் ஆவியும் போகும். அதனால் வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிப்பது டையிங்காரர்களின் வழக்கம். பல கம்பெனிகளின் ஆர்டர் ஒரே இடத்தில் குவியும்போதுதான் இப்படி வரிசைப்படுத்தச் சரக்கு இருக்கும். தன் துணிக்கு மட்டும் சாயம் போடுகிறவருக்குத் திங்கள் கறுப்பு, செவ்வாய் வெள்ளை, புதன் திரும்பக் கறுப்பு.

எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அது சந்தையின் அளவு. மாதம் 500 பனியன் விற்கும் ஊரில் காம்பாக்டிங் மட்டும் செய்து யாரும் பிழைக்க முடியாது. லட்சக்கணக்கில் விற்கும் ஊரில் கழுத்து லேபிள் மட்டும் நெய்து ஒரு குடும்பம் பிழைக்கும். வெளிநாட்டு ஆர்டர் திருப்பூருக்குக் கொண்டுவந்தது டாலரை மட்டுமா? மெஷின்கள் நிறைய ஓடும் அளவுக்கான சந்தையையும் அதுதான் கொண்டுவந்தது. உள்ளூரில் விற்கும் பனியனின் அடக்கவிலை குறைந்ததிலும் அதற்குப் பங்கு உண்டு. முதல் கேள்விக்குப் பாதி விடை இது.

பிரித்துச் செய்வதில் தொல்லைகளும் உண்டு. சங்கிலியில் ஒரு கண்ணி தாமதித்தால் எல்லாம் தாமதம். உடல் துணி ஒரு லாட்டிலும் (ஒரே தடவையில் சாயமாகும் தொகுதி) கைத்துணி வேறு லாட்டிலும் சாயமாகி வந்தால் நிறம் சற்றே மாறும், வெயிலில் பிடித்துப் பார்த்தால் தெரியும். கப்பல் தேதி தவறிவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், ஆர்டரின் லாபம் முழுவதும் அந்த வாடகைக்கே சரியாகப் போகும்.

இரண்டிலும் கெட்டிக்காரர் ஏன் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்?

இதுவரை சொன்னது உள்ளுணர்வுக்கு எளிதில் பிடிபடும். சிக்குவது அடுத்த படி. எல்லா வேலையிலும் என்னைவிடத் திறமை குறைந்தவரிடம் நான் ஏன் வேலை கொடுக்க வேண்டும்?

ஒரு கட்டிங் மாஸ்டரையும் ஒரு டெய்லரையும் எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை.

1. மாஸ்டர் ஒரு மணி நேரத்தில் 300 பீஸ் வெட்டுவார், அல்லது 30 பீஸ் தைப்பார்.

2. டெய்லர் ஒரு மணி நேரத்தில் 60 பீஸ் வெட்டுவார், அல்லது 20 பீஸ் தைப்பார்.

வெட்டுவதிலும் தைப்பதிலும் மாஸ்டரே மேல். இதை முழுச் சாதகம் என்பார்கள். இருவரும் தனித்தனியே 8 மணி நேரம் வெட்டியும் தைத்தும் முடித்தால், மாஸ்டர் 218 பனியனும் டெய்லர் 120 பனியனும் முடிப்பார்கள். மொத்தம் 338.

இப்போது சேர்ந்து செய்யட்டும். டெய்லர் 8 மணி நேரமும் தையல் மட்டும்: 160 பீஸ். மாஸ்டர் எல்லாப் பீஸையும் வெட்டிக் கொடுத்துவிட்டு மீதி நேரத்தில் மிச்சத்தைத் தைக்கிறார். 363 பீஸ் வெட்ட அவருக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம். எஞ்சிய நேரத்தில் 203 பீஸ் தைத்துவிடுவார். மொத்தம் 363.

அதே இரண்டு பேர், அதே 8 மணி நேரம். 25 பனியன் கூடுதல். யாரும் வேகமாக உழைக்கவில்லை, புது மெஷின் வரவில்லை.

இந்த 25 எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஒரு சொல் வேண்டும்: வாய்ப்புச் செலவு. ஒன்றைச் செய்வதற்காக எதைச் செய்யாமல் விடுகிறோமோ அதுவே அதன் உண்மையான விலை. மாஸ்டர் ஒரு பீஸ் தைத்தால் 10 பீஸ் வெட்டாமல் விடுகிறார். டெய்லர் ஒரு பீஸ் தைத்தால் 3 பீஸ்தான் வெட்டாமல் விடுகிறார். கைவேகத்தில் மாஸ்டர் முந்தினாலும், தையலைக் குறைந்த விலைக்குச் செய்பவர் டெய்லரே. இதற்கு ஒப்பீட்டுச் சாதகம் என்று பெயர். இன்னொருவரோடு ஒப்பிட்டு யார் குறைவாக இழக்கிறார் என்பதுதான் இங்கே கேள்வி. எல்லாவற்றிலும் பின்தங்கியவருக்கும் ஏதோ ஒன்றில் ஒப்பீட்டுச் சாதகம் இருந்தே தீரும். இருவரின் விகிதங்களும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் மட்டுமே அது இராது.

கூடுதலாக வந்த 25-ஐ எப்படிப் பங்கிடுவது? ஒரு பீஸ் தைத்ததற்கு 3 வெட்டுக்குக் குறைவாகக் கொடுத்தால் டெய்லர் ஒப்பமாட்டார், தானே வெட்டிக்கொள்வார். 10 வெட்டுக்கு மேல் கேட்டால் மாஸ்டர் தானே தைத்துக்கொள்வார். 3-க்கும் 10-க்கும் நடுவே எந்த இடத்தில் நின்றாலும் இருவருக்கும் லாபம். ஆனால் 3-க்குப் பக்கத்தில் நின்றால் லாபத்தில் பெரும்பங்கு மாஸ்டருக்கு. நாடுகளுக்கிடையே இந்த விகிதத்தை வாணிப வீதம் என்கிறார்கள். 'வணிகத்தால் இருவருக்கும் லாபம்' என்ற வாக்கியம் உண்மை. 'சமமான லாபம்' என்று அது சொல்லவில்லை. வணிகத்தை ஆதரிப்பவர்கள் மேடையில் இந்த இரண்டாவது பாதியை விழுங்கிவிடுவது வழக்கம்.

இங்கிலாந்தின் துணியும் போர்ச்சுகலின் ஒயினும்

இதே கணக்கை நாடுகளுக்குப் போட்டுக்காட்டியவர் ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ, 1817-இல். ஒரு குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு, அதற்கு ஈடான ஒயினுக்கு 120 பேர். போர்ச்சுகலில் துணிக்கு 90 பேர், ஒயினுக்கு 80 பேர். இரண்டிலும் போர்ச்சுகலே மேல். தனித்தனியே இரண்டையும் செய்தால் இங்கிலாந்துக்கு 220 பேரும் போர்ச்சுகலுக்கு 170 பேரும் தேவை. இங்கிலாந்து துணியை மட்டும் இரண்டு பங்கு செய்தால் 200 பேர் போதும். போர்ச்சுகல் ஒயினை மட்டும் இரண்டு பங்கு செய்தால் 160 பேர் போதும். ஒரு பங்கை மாற்றிக்கொண்டால் பழைய அளவே கிடைக்கும். அங்கே 20 பேர், இங்கே 10 பேர் மிச்சம்.

இந்த உதாரணத்துக்கு ஒரு கசப்பான பின்னணி உண்டு. ரிக்கார்டோ எழுதுவதற்கு நூறாண்டுக்கு முன்பே, 1703-இல், இரு நாடுகளும் மெத்யூவன் ஒப்பந்தம் செய்திருந்தன. பிரெஞ்சு ஒயினுக்குப் போடும் வரியில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் போர்ச்சுகல் ஒயினுக்கு விதிக்க இங்கிலாந்து ஒப்புக்கொண்டது. பதிலுக்குப் போர்ச்சுகல் ஆங்கிலேயக் கம்பளித் துணிக்குச் சந்தையைத் திறந்துவிட்டது. துணியைக் கையில் எடுத்த நாட்டில் மெஷின், நிலக்கரி, இரும்பு என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு தொழில் வளர்ந்தது. ஒயினைக் கையில் எடுத்த நாட்டில் அப்படி நடக்கவில்லை. இன்றைய கணக்கில் லாபமாக இருப்பது நாளைக்கு நம்மை எங்கே நிறுத்தும் என்பதை ரிக்கார்டோவின் நான்கு எண்கள் சொல்வதில்லை. வளரும் நாடுகள் சில தொழில்களைக் குழந்தைப் பருவத்தில் வரிச்சுவர் கட்டிக் காக்க நினைப்பது இதனால்தான். அந்தக் குழந்தை நாற்பது வயதிலும் தொட்டிலில் கிடந்தால் அது வேறு பிரச்சினை.

மூன்றாவது கேள்விக்கு இப்போது விடை வந்துவிட்டது. அமெரிக்காவுக்குத் தைக்கத் தெரியும். ஒரு மணி நேரம் தைத்தால் அதற்காக விட வேண்டியது மிக அதிகம். அங்கே விற்கும் உடைகளில் 95 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி ஆவதன் காரணம் இது.

ஏற்றுமதி எதற்கு?

தொலைக்காட்சியில் ஏற்றுமதி கூடினால் பச்சை அம்பு, இறக்குமதி கூடினால் சிவப்பு அம்பு. பொருளாதாரக் கணக்கில் இது தலைகீழ். பனியனை அனுப்பிவைத்ததில் நம் உழைப்பும் நூலும் தண்ணீரும் போயின. கைக்கு வந்தது டாலர். டாலரை உண்ணவோ உடுத்தவோ முடியாது. அதைக் கொடுத்து எதையாவது வாங்கும்போதுதான் லாபம் வீட்டுக்கு வருகிறது. ஏற்றுமதி நாம் கொடுக்கும் விலை, இறக்குமதி அதற்குக் கிடைக்கும் சரக்கு.

சரக்கு என்னவென்று பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பாக்கெட்டின் மூலம் பெரும்பாலும் இந்தோனேசியாவும் மலேசியாவும். சாம்பாரின் துவரம்பருப்பில் ஒரு பங்கு மொசாம்பிக்கிலிருந்தும் மியான்மரிலிருந்தும் வருகிறது. பெட்ரோலுக்கான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருவது. திருப்பூரில் ஓடும் வட்ட நிட்டிங் மெஷின்களில் பல ஜெர்மனியிலோ தைவானிலோ செய்தவை, தையல் மெஷின்களில் பல ஜப்பானியப் பெயருடையவை.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் பனியன் விற்ற டாலரில் இந்தோனேசியாவிடம் பாமாயில் வாங்குகிறோம். டெய்லர் மளிகைக்கடையில் மாதாமாதம் பணம் கொடுக்கிறார், கடைக்காரர் அவரிடம் எதையும் தைக்கக் கொடுப்பதில்லை. அதற்காக டெய்லர் மளிகைக்கடையிடம் 'தோற்றுவிட்டார்' என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு நாடுகளுக்கிடையே மட்டும் பார்க்கும் வணிகப் பற்றாக்குறையும் அதே வகை. மொத்த வரவுசெலவு பல ஆண்டுகள் தொடர்ந்து சரியாக இல்லாவிட்டால் கவலைப்பட இடமுண்டு. இலங்கை 2022-இல் அனுபவித்தது அதுதான்: வெளிநாட்டுச் செலாவணி தீர்ந்து, எரிபொருள் வாங்கவும் வழியில்லாத நிலை.

பருத்தி விளையும் நாடு பஞ்சு வாங்குவது

'பஞ்சு' என்பது ஒரே பொருளன்று. குஜராத்தின் சங்கர்-6 ரகத்தின் இழை நீளம் 28, 29 மில்லிமீட்டர். நடுத்தர நம்பர் நூலுக்கு அது அருமையான பஞ்சு. 80, 100 நம்பர் மெல்லிய நூலுக்கு நீள இழை வேண்டும். எகிப்தின் கீசா, அமெரிக்காவின் பீமா போன்றவை அந்த வகை. இந்தியாவில் அது விளைந்தாலும் தேவைக்குப் போதாது.

அடுத்து, சுத்தம். நம் பருத்தி கையால் எடுக்கப்படுவது. சாக்கின் பிளாஸ்டிக் இழை, முடி, துணித்துண்டு கலந்துவிடும். பிளாஸ்டிக் இழையில் சாயம் ஏறாது. கருநீலப் பனியனில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும், வாங்குபவர் தள்ளிவிடுவார். அமெரிக்க, ஆஸ்திரேலியப் பஞ்சு மெஷினால் எடுக்கப்படுவதால் இந்தத் தொல்லை குறைவு. தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்ளூர் விளைச்சல் அவற்றின் தேவையில் ஒரு மூலைக்குத்தான் வரும். பஞ்சு எப்படியும் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து லாரியேற வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் பஞ்சோடு அந்த வாடகையை ஒப்பிட்டுத்தான் ஆலைகள் முடிவெடுக்கும்.

இந்தியா 2021 பிப்ரவரியில் பஞ்சுக்கு 11 சதவீத இறக்குமதி வரி விதித்தது. 32 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இழைக்கு 2024 பிப்ரவரியில் விலக்கு வந்தது. அமெரிக்கா கூடுதல் வரி போட்ட அதே மாதம், 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை எல்லாப் பஞ்சுக்கும் வரி நிறுத்தப்பட்டது. ஏற்றுமதியாளருக்கு இது மூச்சுவிடும் இடம். மகாராஷ்டிரத்தின் விதர்பாவில் இருக்கும் பருத்தி விவசாயிக்கு விலை இறங்கும் பயம். இருவர் சொல்வதும் அவரவர் இடத்திலிருந்து சரியே.

பங்களாதேஷ் இன்னும் தெளிவான உதாரணம். பருத்தி அங்கே ஏறக்குறைய விளைவதே இல்லை. ஆனாலும் உலக ஆடை ஏற்றுமதியில் சீனாவுக்கு அடுத்த வரிசையில் நிற்கிறது. அந்த நாடு முதலில் கையில் எடுத்தது தையல் என்ற ஒரு படியைத்தான். அது வெளியிலிருந்து வாங்கும் நூலில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போகிறது. டாக்காவும் திருப்பூரும் போட்டியாளர்கள், கோவை நூற்பாலைக்கோ டாக்கா வாடிக்கையாளர். 2025 ஏப்ரலில் இந்திய நூல் தரைவழியே வருவதைப் பங்களாதேஷ் நிறுத்தியது. மே மாதம் பங்களாதேஷ் ஆடைகள் தரைவழியே வருவதை இந்தியா நிறுத்தி, மும்பை பக்கத்து நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டும் அனுமதித்தது. லாரியில் போய்க்கொண்டிருந்த சரக்கு கப்பல் ஏற வேண்டியதாயிற்று. இரண்டு பக்கமும் செலவு ஏறியது.

வரியை யார் கட்டுவது?

2025 ஆகஸ்ட் 27 அன்று இருந்த விகிதங்களை வைத்துப் பார்ப்போம். விகிதம் மாறினாலும் கணக்குமுறை இதுவே.

1. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவின் வழக்கமான வரி 16.5 சதவீதம். சலுகை ஒப்பந்தம் இல்லாத நாடுகளுக்குப் பொது.

2. இந்தியாவுக்குக் கூடுதல் 50. பங்களாதேஷ், வியட்நாம், இலங்கைக்குக் கூடுதல் 20. பாகிஸ்தானுக்கு 19.

3. அமெரிக்கச் சுங்கம் வரி கணக்கிடுவது கப்பலேற்றும் விலையில். கடல் வாடகை சேராது. இந்தியச் சுங்கம் வாடகையும் காப்பீடும் சேர்த்துக் கணக்கிடும்.

4. டி-ஷர்ட் விலை 4 டாலர் என்றால், இந்தியச் சரக்குக்கு வரி 66.5 சதவீதம், அதாவது 2.66 டாலர். மொத்தம் 6.66. அதே விலையுள்ள பங்களாதேஷ் சரக்குக்கு வரி 36.5 சதவீதம், 1.46 டாலர். மொத்தம் 5.46.

ஒரு சட்டைக்கு 1.20 டாலர் இடைவெளி. சில சதவீத லாபத்தில் ஓடும் தொழிலில், 4 டாலர் பொருளில் 1.20-ஐ எந்தத் திறமையாலும் அடைக்க முடியாது. ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17-க்கு முன் அமெரிக்கச் சுங்கம் கடக்கும் சரக்குக்கு இரண்டாவது 25-இலிருந்து விலக்கு இருந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் துறைமுகங்களில் நடந்த ஓட்டத்துக்கு அதுவே காரணம்.

சுங்கத்தில் பணம் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். ஏற்றுமதியாளர் கட்டுவதில்லை, இந்திய அரசும் கட்டுவதில்லை. ஆனால் பாரம் அங்கேயே நிற்காது. ஒரு பங்கைத் தள்ளுபடியாகக் கேட்டுத் திருப்பூர்ப் பக்கம் தள்ளுவார், ஒரு பங்கைக் கடை விலையில் ஏற்றுவார், மீதியைத் தன் லாபத்தில் விடுவார். யார் பக்கம் எவ்வளவு என்பது யாருக்கு வேறு போக்கிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டாக்காவில் அதே பனியன் கிடைக்கும்வரை பேரத்தில் வாங்குபவர் கை மேலே.

கட்டிய வரி அமெரிக்க அரசுக்குப் போகிறது, அது காணாமல் போவதில்லை. முழுசாகக் காணாமல் போவது நடக்காமல் போன வியாபாரம்தான். 4 டாலருக்கு விற்கத் தயாராக ஒருவர், 5 டாலர் கொடுக்கத் தயாராக இன்னொருவர். நடுவே வரி நின்றதால் சட்டை தைக்கப்படவே இல்லை. அந்த 1 டாலர் நன்மை யாருக்கும் கிடைக்கவில்லை, அரசுக்கும்கூட.

இதையே நாமும் செய்கிறோம். கச்சா பாமாயில், சோயா எண்ணெய் மீதான வரி 2024 செப்டம்பரில் 5.5-இலிருந்து 27.5 சதவீதமாக ஏறியது. உள்நாட்டு எண்ணெய்வித்து விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். பணம் போனது சமையலறைகளிலிருந்து. 2025 மே 30 அன்று அதை 16.5 ஆகக் குறைத்தார்கள்.

விலையில் ஏறாத செலவுகள்

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம். ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் என்ற நல்ல மெஷினிலேயே கிட்டத்தட்ட அரைக்கிலோ உப்பு. உப்பு சாயத்தைத் துணியோடு சேர்த்துவிட்டுத் தான் தண்ணீரிலேயே நின்றுவிடும். விஞ்ச் எனப்படும் பழைய சாயத் தொட்டிகளில் தண்ணீர் இன்னும் அதிகம், உப்பும் அதிகம். அந்த நீர் பல ஆண்டுகள் நொய்யலில் போயிற்று. கீழே ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையின் நீரை வயலுக்கு விடாதே என்று விவசாயிகளே வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறியவை மட்டும் மீண்டும் திறந்தன. சவ்வில் வடிகட்டி, ஆவியாக்கி, உப்பைத் திரும்ப எடுக்கும் முறை அது. செலவும் மின்சாரமும் அதிகம்.

நொய்யல் விவசாயியின் நஷ்டம் பனியன் விலையில் ஏறாதவரை திருப்பூரின் சாதகத்தில் ஒரு பகுதி பொய்ச் சாதகம். மூன்றாமவர் தலையில் கட்டிய செலவை லாபம் என்று எழுதிவைத்த கணக்கு அது. வணிகக் கோட்பாடு இதை மறுப்பதில்லை. விலைகள் உண்மையைச் சொல்லும்போதுதான் அந்தக் கோட்பாடு நிற்கும்.

இன்னொரு செலவு, லாபமும் நஷ்டமும் பரவும் விதம். மலிவான இறக்குமதியால் ஒரு கோடிப் பேருக்கு ஆளுக்கு நூறு ரூபாய் மிச்சமாகும், யாரும் கவனிக்கமாட்டார்கள். அதனால் ஓர் ஊரின் ஆலை மூடினால் ஆயிரம் குடும்பங்களுக்கு எல்லாமே போகும். பேட்லாக் மட்டும் தெரிந்த முப்பத்தைந்து வயதுக்காரர் அடுத்த வாரமே வேறு தொழிலுக்குத் தாவ முடியாது. 'கூடுதல் லாபத்திலிருந்து ஈடு கொடுத்துவிடலாம்' என்று பாடநூல் சொல்கிறது. கொடுக்கலாம்தான். பெரும்பாலும் கொடுப்பதில்லை.

எல்லாவற்றையும் வெளியே வாங்கலாமா?

கூடாது என்று சொல்லத்தக்க இடங்கள் உண்டு. திடீரென்று நின்றுபோனால் மாற்று இல்லாதவை: அடிப்படைத் தானியம், மருந்துகளின் மூலப்பொருள், பாதுகாப்புத் தளவாடம். ஒரே நாட்டிடம் வாங்குவதும் ஒரே நாட்டுக்கு விற்பதும் அதே ஆபத்துதான். திருப்பூர் ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனதால்தான் ஆகஸ்ட் அடி அப்படி வலித்தது.

எதிர்த்திசையில் ஓடினாலும் அடி விழும். இலங்கை 2021-இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. செலாவணி மிச்சமாகும் என்பதும் கணக்கில் ஒன்று. நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலையும் அடிவாங்கியது. உரத்தில் மிச்சம் பிடித்த நாடு அரிசி இறக்குமதிக்குச் செலவழித்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடை தளர்ந்தது.

அடுத்து எங்கே இடைவெளி மாறும்?

அமெரிக்கக் கணக்கைப் போலவே ஐரோப்பாவுக்கும் ஒன்று உண்டு. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரி 12 சதவீதம். குறைந்த வளர்ச்சி நாடு என்ற தகுதியால் பங்களாதேஷுக்குச் சுழியம். 4 டாலர் சட்டையில் இது 48 சென்ட். பல ஆண்டுகளாக ஐரோப்பிய ஆர்டர்கள் டாக்கா பக்கம் சாய்ந்ததில் இந்த வரி இடைவெளிக்குப் பெரிய பங்குண்டு.

அட்டவணைப்படி 2026 நவம்பர் 24 அன்று குறைந்த வளர்ச்சி நாடுகளின் பட்டியலிலிருந்து பங்களாதேஷ் வெளியேற வேண்டும். ஐரோப்பா அதன் பிறகும் மூன்று ஆண்டுகள் சலுகையைத் தொடரும். அதற்கடுத்த சலுகைப் படியில் ஒரு நிபந்தனை மாறுகிறது. இப்போது துணியை வெளியிலிருந்து வாங்கித் தைத்தாலே வரிவிலக்கு. அந்தப் படியில் துணியும் உள்நாட்டிலேயே ஆகியிருக்க வேண்டும். பின்னல் துணியைப் பங்களாதேஷ் இப்போதே பெரும்பாலும் தானே பின்னிக்கொள்கிறது, நூலில் ஒரு பங்கைத்தான் வெளியிலிருந்து வாங்குகிறது. அதனால் கோவையிலிருந்து போகும் நூல் தப்பிவிடும். நெய்த சட்டைத்துணியும் ஜீன்ஸ் துணியும் வெளியிலிருந்து வாங்கித் தைக்கும் தொழிற்சாலைகளுக்குத்தான் சிக்கல். அந்தத் துணியை நெய்து விற்கும் சீன ஆலைகளுக்கும்.